சுழியில் கைவைக்கும் முன்

உட்லண்ட்ஸ் வட்டாரச் சமூக மன்றங்களின் இந்திய நற்பணிச் செயற்குழுக்களில் சுவரொட்டி, பதாகை, அழைப்பிதழ் வேலைகளைக் கவனிக்கும் தொண்டூழியர்களுக்கு,



பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கும் மார்சிலிங் தொடங்கி அட்மிரல்டி வரை மின்தூக்கி முகப்புகளில் தொங்கும் தமிழ் அறிவிப்புகள் உங்களைப் போன்றவர்களின் உழைப்பால் உருவாகின்றன. வேலை முடிந்து வந்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, இலவச வார்ப்புரு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு செய்கிற வேலை அது. அந்த வார்ப்புருவில் ஆங்கிலத் தலைப்பு அநேகமாக ஓர் அலங்காரக் கையெழுத்து எழுத்துருவில் இருக்கும்: சாய்ந்து, மெலிந்து, ஒவ்வோர் எழுத்தும் அடுத்ததோடு கைகோத்து, முதலெழுத்து கொடிபோலச் சுருண்டு. அதைப் பார்த்ததும் எழும் கேள்வி நியாயமானது. தமிழிலும் இதே மாதிரி ஒன்று கிடைக்காதா? இந்த மடல் அந்தக் கேள்விக்கான என் பதில். அலங்கார எழுத்து தமிழுக்கு வேண்டும், இப்போது இருப்பதைவிட நிறையவே வேண்டும். ஆனால் ஆங்கிலக் கையெழுத்தின் சுருள்களை அப்படியே பெயர்த்துத் தமிழில் நட முடியாது. ஆங்கிலம் அலங்காரத்தை வைக்கிற இடங்களில் எல்லாம் தமிழ் ஏற்கெனவே ஓர் ஒலியைக் குடிவைத்திருக்கிறது.

முதலில் அந்த ஆங்கில எழுத்துருக்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடலாம். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வணிகக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த ஆசிரியர்களின் கையெழுத்து அது. கூரிய இறகுமுனையை அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மயிரிழையாகும். அவர்களில் ஒருவரான சார்லஸ் ஸ்னெல்லின் கையெழுத்தை வைத்துத்தான் 1960களில் மேத்யூ கார்ட்டர் ‘ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்’ எழுத்துருவை வரைந்தார். 1998இல் ஹெர்மன் சாப்ஃப் உருவாக்கிய ‘சாப்ஃபினோ’ இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள், சொல்லின் தொடக்கத்துக்கு ஒரு சுருள், முடிவுக்கு ஒரு வால் என்று வகைவகையாகக் கொண்டது அது. இந்த எழுத்துருக்கள் அழகாக இருப்பதற்கும் அழகுக்கு நடுவே படிக்க முடிவதற்கும் காரணம் ஒன்றே. ரோமன் எழுத்தின் எலும்புக்கூடு எளியது. ‘எல்’ என்ற எழுத்தின் உச்சியில் ஒரு வளையம் போட்டாலும் அது ‘எல்’தான், போடாவிட்டாலும் ‘எல்’தான். ‘ஒய்’யின் வாலை இரண்டு அங்குலம் இழுத்தாலும் அது வேறு எழுத்தாகிவிடாது. தொடக்கச் சுருள், முடிவு வால், மேல்வளையம், கீழ்வளையம் என்று நான்கு இடங்கள் அங்கே காலி மனையாகக் கிடக்கின்றன. அதில் எந்தக் கட்டடம் எழுப்பினாலும் அண்டை வீட்டுக்காரருக்குப் பாதகமில்லை.

தமிழில் அந்த மனைகள் காலியாக இல்லை. தொடக்கச் சுருளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுழி இருந்தால் ன, மூன்று சுழி இருந்தால் ண என்றுதான் பள்ளியில் சொல்லித் தருகிறோம். னகரத்தின் இடப்பக்கத்தில் அழகுக்காக ஒரு சுழியைச் சேர்க்கிறவர் எழுத்தையே மாற்றிவிடுகிறார். மேலே போனால் கொம்பு. ஒற்றைக்கொம்பின் தலையில் இன்னொரு சுருள் விழுந்தால் அது இரட்டைக்கொம்பு, எகரம் ஏகாரமாகிவிட்டது. இகர விசிறியின் நுனியைக் கொஞ்சம் சுழித்தால் டி என்பது டீ. வாலுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். எகரத்தின் அடியில் ஒரு கோடு இறங்கினால் ஏ, ஒகரத்தின் அடியில் ஒரு சுழி விழுந்தால் ஓ. உகரமும் ஊகாரமும் பெரும்பாலான மெய்களில் எழுத்தின் அடியைத் தொட்டு வளைந்தோ மடங்கியோ ஏறும் கோடுகள்தாம்: த, து, தூ மூன்றையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் ஆங்கிலக் கையெழுத்துக்காரர் எந்த இடத்தில் வாலை நீட்டுவாரோ அதே இடத்தில் தமிழ் குறிலையும் நெடிலையும் பிரிக்கிறது. ரகரத்தையும் காலையும் பிரிப்பது அடியில் சாய்ந்திறங்கும் ஒரு சிறு கோடு மட்டுமே. எழுத்து முழுவதையும் ஆங்கிலக் கையெழுத்தைப் போலச் சாய்த்து, அந்தக் கோட்டையும் மயிரிழையாக்கிவிட்டால் எது ரகரம், எது கால் என்று அண்டையெழுத்தை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். ஓலைச்சுவடிகளில் புள்ளி இல்லாமல், குறில் நெடில் கொம்புக்கும் வேறுபாடு இல்லாமல், ரகரமும் காலும் ஒன்றாகவே இருந்ததுண்டு. அதைப் பிரித்துப் படிக்க உ.வே. சாமிநாதையரைப் போன்றவர்களுக்கே எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பது தமிழ்ப் பதிப்பு வரலாறு அறிந்தவர்களுக்குத் தெரியும். ஓலையிலிருந்து நாம் வெளியேறிய வழியில் அலங்காரம் நம்மைத் திரும்ப அழைத்துப் போகக்கூடாது.

இது ஏட்டளவு அச்சமா? உங்கள் வேலையில் அடிக்கடி வரும் சொற்களையே சோதிக்கலாம். ‘பொங்கல்’ என்ற சொல்லின் முதல் வடிவமே ஒற்றைக்கொம்பு. தலைப்பின் முதலெழுத்துக்குச் சுருள் வைப்பது ஆங்கில வழக்கம் என்பதால் வடிவமைப்பாளரின் கை நேராக அங்கேதான் போகும். சுருள் வைத்ததும் அது ‘போங்கல்’ ஆகிறது. விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு வாசலிலேயே போகச் சொல்வது மாதிரி. ‘திருமணம்’ ஒரு சுழியை இழந்தால் ‘திருமனம்’. இவையாவது எல்லாரும் அறிந்த சொற்கள், பிழையாக இருந்தாலும் மனம் திருத்திப் படித்துக்கொள்ளும். ஆள் பெயர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ‘கண்ணன்’ என்ற ஒரே பெயரில் ண் வருகிறது, ண வருகிறது, ன் வருகிறது. பரிசு வாங்கும் பிள்ளையின் பெயரோ, சிறப்பு விருந்தினரின் பெயரோ, மணமக்களின் பெற்றோர் பெயரோ சூழலிலிருந்து ஊகித்து அறியக்கூடியவை அல்ல. எழுத்தில் உள்ளதுதான் பெயர்.

இங்கே வாசகர் யார் என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் சென்னையில் தாங்கக்கூடிய ஒரு விளையாட்டு இங்கே தாங்காது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர் இந்தியர்களில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் ஏறத்தாழ 37 விழுக்காடு. 2020இல் அது ஏறத்தாழ 28 விழுக்காடு. வீட்டில் தமிழ் குறைகிற ஊரில், கண்ணில் படும் தமிழ் ஒவ்வொன்றும் பாடமாகிவிடுகிறது, நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்புப் பிள்ளை சுழியை எண்ணித்தான் ண, ன இரண்டையும் பிரிக்கிறது. பாடநூலில் எண்ணியது மின்தூக்கி முகப்பில் வேறாக இருந்தால் பிள்ளை தன் எண்ணிக்கையைச் சந்தேகிக்கும், சுவரொட்டியைச் சந்தேகிக்காது. இன்னொரு பக்கம், கண்ணாடி போட்டும் சிறிய எழுத்தைப் படிக்கச் சிரமப்படும் மூத்தோர். மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு, அவர்களை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்: உட்லண்ட்ஸ், சுங்கை காடுட், கிராஞ்சி தங்குவிடுதிகளில் இருக்கும் தமிழக ஊழியர்கள். இந்த வட்டாரத்தில் ஆங்கில வரியைத் தாண்டித் தமிழ் வரியை முதலில் தேடிப் படிப்பவர்கள் அவர்கள். ஆங்கிலம் இருக்கவே இருக்கிறது, தமிழ் அழகுக்குத்தானே என்று நினைக்கும்போது நாம் கைவிடுவது நம்முடைய மிகத் தேர்ந்த வாசகர்களை.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு, எழுத்தெழுத்தாக யாரும் படிப்பதில்லை, சொல்லின் உருவத்தைப் பார்த்தே புரிந்துகொள்கிறார்கள் என்பது. பாதி உண்மை. பழகிய வாசகர் பழகிய சொல்லை அப்படித்தான் படிக்கிறார். அதனால்தான் ‘தீபாவளி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை தரலாம் என்று நானும் சொல்வேன். சிராங்கூன் சாலையில் ஆண்டுதோறும் லிட்டில் இந்தியா வர்த்தகர் மரபுடைமைச் சங்கம் (லிஷா) அமைக்கும் தீபாவளி ஒளியூட்டு வளைவில் அந்தச் சொல் எப்படி வளைந்தாலும் ஒருவரும் குழம்பமாட்டார். பேருந்தில் போகிறவருக்கும் அது புரியும், ஏனென்றால் அந்த மாதத்தில், அந்தச் சாலையில் வேறு எந்தச் சொல் இருக்கப்போகிறது? ஆனால் இந்த உரிமை பழக்கத்தின் அளவுக்குத்தான் நீளும். நாள், நேரம், புளோக் எண், கட்டணம், தொடர்புக்குரியவர் பெயர் ஆகிய எதற்கும் பழகிய உருவம் கிடையாது. அலங்கார எழுத்துருவை ஒரு சொல்லுக்கு அல்லது ஒரு வரிக்கு என்று நிறுத்துவது ஆங்கிலத்திலும் விதிதான். அங்கே முழுப் பத்தியைக் கையெழுத்து எழுத்துருவில் அடுக்குவதையும், அதைப் பெரிய எழுத்துகளில் மட்டும் அமைப்பதையும் வடிவமைப்பு மாணவர்கள் முதலாண்டிலேயே தவிர்க்கக் கற்கிறார்கள். வார்ப்புருவை இரவல் வாங்கும்போது அதன் கட்டுப்பாட்டை மட்டும் விட்டுவிட்டு வருகிறோம்.

இரண்டாம் மறுப்பு கனமானது. அதே சமூக மன்றத்தில் சீனப் புத்தாண்டுக்கு எழுதப்படும் செந்தாள் வரிகளைப் பாருங்கள், தூரிகை எப்படிப் பறக்கிறது! அட்மிரல்டி சாலைப் பக்கம் அந்நூர் பள்ளிவாசல் இருக்கிறது. உலகெங்கும் பள்ளிவாசல்களை அணிசெய்யும் அரபு எழுத்துக்கலையில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பின்னிக்கிடப்பது சாதாரணம். அவர்களால் முடிவது நம்மால் ஏன் முடியாது? என் பதில்: அவர்கள் அந்தச் சுதந்திரத்தை நூற்றாண்டுக்கணக்கில் சம்பாதித்தார்கள். சீனத்தில் ‘புல் எழுத்து’ எனப்படும் விரைவெழுத்து கண்டபடி கிறுக்கியது அன்று. எந்தக் கோட்டை எதனுடன் சேர்க்கலாம், எதைச் சுருக்கலாம் என்பது ஆசானிடமிருந்து மாணவருக்கு வழிவழியாக வந்த மரபு, அதைப் படிப்பவரும் அதைக் கற்றவர். பின்னிய அரபு வரி பெரும்பாலும் நம்பிக்கையாளர் மனப்பாடமாக அறிந்த திருமறைத் தொடர். கண் தொடங்கியதை நினைவு முடித்துவைக்கிறது. நம் சுவரொட்டிக்கு இரண்டு வசதியும் இல்லை. சுருக்க வடிவங்களுக்குப் பொது உடன்பாடும் இல்லை, சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு உறியடி என்பதை மனப்பாடம் செய்தவரும் இல்லை. அந்த மரபு தமிழில் இனிமேல் உருவாகலாம், உருவானால் மகிழ்ச்சி. அது ஓவியர்களின் கையில், கண்காட்சிகளில், புத்தக அட்டைகளில் உருவாகும். நிகழ்ச்சி அறிவிப்பை அதற்குச் சோதனைக்களமாக்க வேண்டாம்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வரும். தமிழுக்கு அலங்காரமே அந்நியம், தடித்த கோடும் மெல்லிய கோடும் வெள்ளைக்காரர் கொண்டுவந்தவை, பாடநூல் எழுத்தே போதும் என்று. இதோடும் நான் உடன்படவில்லை. பாடநூல் எழுத்தும் வானத்திலிருந்து வரவில்லை. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தொடங்கி, 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த பருத்த அச்செழுத்துகள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி.ஆர். ஹண்ட் செதுக்குவித்த நேர்த்தியான சிறு எழுத்துகள் வரை, இன்று நாம் ‘இயல்பான தமிழெழுத்து’ என்று நினைப்பது பல கைகள் சேர்ந்து வார்த்தது. எழுத்தாணி ஓலையில் கீறியபோது எல்லாக் கோடும் ஒரே பருமன். பருமன் வேறுபாடு அச்சோடும் பேனாவோடும் வந்தது, வந்து நம்முடையதாகிவிட்டது. 1887இல் சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ இதழ் அச்சேறியபோது அந்த வார்ப்பெழுத்துகளை யாரும் அந்நியம் என்று தள்ளவில்லை. வெளியிலிருந்து வந்ததா என்பதை நான் கேட்கவில்லை. எழுத்தின் அடையாளத்தைத் தொடுகிறதா, தொடாமல் விடுகிறதா என்பதைத்தான் கேட்கிறேன்.

அப்படியானால் தமிழில் அலங்காரத்துக்கு எங்கே இடம்? நிறையவே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளை உற்றுப் பார்த்தால் அவற்றின் வனப்பு எதில் இருக்கிறது என்று தெரியும். கூடுதலாக ஒரு சுருளும் கிடையாது. வளைவின் நிதானம், எழுத்துக்கும் எழுத்துக்கும் விட்ட இடைவெளி, கோட்டின் முனையை முடித்த விதம், அவ்வளவுதான். நம் காலத்துக்கு வந்தால் ஓவியர் கே.எம். ஆதிமூலம் (1938–2008) புத்தக அட்டைகளுக்கும் இதழ்களுக்கும் எழுதிய தலைப்பெழுத்துகள். தூரிகையில் மை குறையும்போது கோடு உடைந்து நாராகும், அந்த நாரையே அவர் அழகாக்கினார். எழுத்தை நசுக்குவார், பருக்கவைப்பார், சதுரமாக்குவார், சுழியின் எண்ணிக்கையில் கைவைக்கமாட்டார். வார இதழ்களில் தொடர்கதைத் தலைப்பை எழுதிய ஓவியர்களும், பழைய திரைப்படப் பெயர்ப்பலகை எழுதியவர்களும் இதே இலக்கணத்தைப் பின்பற்றினார்கள், ஒருவரும் எழுதிவைக்காத இலக்கணம். அவர்கள் விளையாடிய இடங்களைத் தொகுத்தால் இப்படி வரும்: க, ச, த போன்றவற்றின் மேல்கோட்டை நீட்டலாம். ப, ம, ட போன்றவற்றின் அடிக்கோட்டைத் தோணிபோல வளைக்கலாம். கோட்டின் பருமனை ஏற்றி இறக்கலாம், முனையைக் கூராக்கலாம் அல்லது உருட்டலாம். நிழல், நிறம், உள்ளீடு எதுவும் வைக்கலாம். மிதமான சாய்வும் தரலாம்.

புள்ளியைத் தனியாகச் சொல்ல வேண்டும், அது தமிழ் அலங்காரத்துக்குக் கிடைத்த வரம். உருவம் எதுவானாலும் அதன் வேலை கெடாது, எழுத்தின் தலைக்கு மேல் தனியாக நின்றால் போதும். ‘வாழ்த்துகள்’ என்ற சொல்லில் மூன்று புள்ளிகள் இருக்கின்றன. மூன்றையும் அகல்சுடராக்குங்கள், மல்லிகை மொட்டாக்குங்கள், கோலப்புள்ளியாக்குங்கள், சொல் சிதையாது. ஆனால் இரண்டைச் சுடராக்கிவிட்டு மூன்றாவதற்கு இடமில்லை என்று விட்டுவிட முடியாது. அதேபோல, மேல்வரியின் அடிக்கோடுகளோடு புள்ளி ஒட்டிக்கொள்ளாதபடி வரியிடைவெளியைத் தாராளமாக வைக்க வேண்டும். தமிழுக்கு மேலேயும் கீழேயும் உறுப்புகள் உண்டு என்பதால் ஆங்கில வரிக்கு அளந்த இடைவெளி இதற்குப் போதவே போதாது.

பழைய வடிவங்களைப் பற்றி ஒரு சொல். தும்பிக்கை வைத்த லை, ணை, சுழித்து இறங்கும் ணா, றா முதலிய பதின்மூன்று வடிவங்கள் பெரியார் முன்வைத்த சீர்திருத்தத்தை 1978இல் தமிழக அரசு ஏற்றபோது வழக்கொழிந்தன. சிங்கப்பூரும் பின்னர் அதையே பின்பற்றியது. வளைவு நிறைந்த அந்த வடிவங்கள் அலங்காரத்துக்கு மிகப் பொருத்தம் என்பதில் ஐயமில்லை. தாத்தா பாட்டியின் அறுபதாம் கல்யாண அழைப்பில் அவை வந்தால் அழகு. இங்கே பள்ளியில் படித்த இளையரோ அவற்றை ஒருபோதும் கற்றதில்லை. ஆகவே பொது அறிவிப்பில் அவை அலங்காரமாகத் தெரியாமல் புதிராகத் தெரியும்.

நல்ல எழுத்துரு கிடைக்காததால்தான் கிடைத்ததைப் போட்டோம் என்பது பத்தாண்டுகளுக்கு முன் ஏற்கத்தக்க காரணம். இன்று கூகுள் எழுத்துருத் தொகுப்பிலேயே, கட்டணமின்றி, திறந்த உரிமத்தோடு சில நல்லவை இருக்கின்றன. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த ‘கவிவாணர்’ சாய்ந்த கையெழுத்துப் பாங்கு கொண்டது. நீங்கள் தேடும் ஆங்கிலக் கையெழுத்து எழுத்துருவுக்குத் தமிழில் மிக அருகில் நிற்பது அதுதான் என்பது என் கருத்து. சாய்வு உண்டு, பேனா ஓட்டம் உண்டு, எழுத்துகள் தனித்தனியே நிற்கின்றன. போர்ச்சுகல் நாட்டவரான நத்தானியேல் காமா பங்காற்றிய ‘அரிமா’ மென்முனைகளும் நெகிழ்ந்த வளைவும் கொண்டது, அழைப்பிதழுக்கு நன்றாக அமையும். குழந்தைகள் நிகழ்ச்சிக்கு மும்பை ஏக் டைப் குழுவின் ‘பலூ தம்பி’ கொழுகொழுவென்று இருக்கும். தமிழ் வாசிக்காதவர்கள் பங்கேற்று வரைந்த எழுத்துருவில்கூடச் சுழிகள் சரியாக இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். எழுத்தின் இலக்கணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வரைந்தால் பிறப்பு ஒரு தடையே இல்லை. இவை போதுமா என்றால் போதாது. ஆங்கிலத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது நமக்கு இத்தகையவை ஒரு கை விரலளவு. இந்தப் பஞ்சத்தைக் காட்டி, இருக்கும் நல்லதையும் பயன்படுத்தாமல் விடுவது சரியில்லை.

தமிழ் அலங்கார எழுத்துருக்களில் பெரும்பகுதி இன்னும் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய குறியேற்றங்களில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பாமினி வகையிலும் அதுபோன்ற பிறவற்றிலும் பார்த்தால் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். அவற்றில் தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தின் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் கணினியில் ஒழுங்காகத் தெரிந்த வரி, அச்சகத்தில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கிலக் குப்பையாக அச்சாகும். ஒருங்குறியிலும் ஒரு பொறி உண்டு. வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை இயக்கிவிடாவிட்டால் கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியே மிதக்கும். 2017 தேசிய தின அணிவகுப்பின் கையேட்டில் கருப்பொருள் வரியின் தமிழ் சிதைந்து அச்சானதும், ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். நாட்டின் ஆகப் பெரிய நிகழ்ச்சிக்கே அது நேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், கணினித் தமிழுக்கு வழிகாட்டிய ஊர்களில் ஒன்று இது. தமிழ் இணைய மாநாட்டுத் தொடர் 1997இல் தொடங்கியது இங்கேதான், அதற்கு முன்னின்றவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. எல்லைக்கு அப்பால் மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலிருந்தே முரசு அஞ்சல் மென்பொருளையும் பின்னர் கைப்பேசிக்கான எழுத்துருக்களையும் உருவாக்கி வந்தார். அவர்கள் திறந்துவைத்த பாதையில் போகாமல், பத்து வெள்ளிக்குக் கிடைத்த பழைய எழுத்துருக் குறுவட்டைத் தேடிக்கொண்டிருக்க இனித் தேவையில்லை.

தீபாவளிச் சுவரொட்டிகளில் ஆங்கிலச் சொல்லை எழுதும் முறை பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் விலகல்தான். ‘சமர்கன்’ போன்ற எழுத்துருக்கள் ரோமன் எழுத்துக்குத் தேவநாகரியின் தலைக்கோட்டை மாட்டி ‘இந்தியத் தோற்றம்’ தருகின்றன. தமிழுக்குத் தலைக்கோடே கிடையாது. தமிழ் விழாவுக்கு, தமிழ் வரிக்கு மேலே, இந்தி வேடம் போட்ட ஆங்கிலத்தை வைப்பதன் பொருத்தம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தமிழ் வரியையே பெரிதாகவும் அழகாகவும் எழுதிவிட்டால் ஆங்கிலம் எந்த வேடமும் போடாமல் எளிமையாக நிற்கலாம்.

எங்கே அலங்காரம், எங்கே வேண்டாம் என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே நல்ல அளவுகோல் இருக்கிறது. உட்லண்ட்ஸ் பெருவிரைவு ரயில் நிலையத்தில் நிலையப் பெயர் தமிழிலும் இருக்கிறது, ஓர் அலங்காரமும் இல்லாமல். மார்சிலிங் ரைஸில் இருக்கும் சிவகிருஷ்ணன் கோயில் விழாவொன்றுக்கு அழைப்பிதழ் அச்சிட்டால் அதே எழுத்தை யாரும் கேட்கமாட்டார்கள். ஒன்று வழிகாட்டுகிறது, மற்றொன்று வரவேற்கிறது. உங்கள் சுவரொட்டி இரண்டையும் ஒரே தாளில் செய்ய வேண்டியிருப்பதால்தான் சிக்கல். மேலே வரவேற்கும் சொல்லுக்குக் கவிவாணரோ, ஓவியர் ஒருவரின் தூரிகையோ. கீழே வழிகாட்டும் வரிகளுக்கு நிமிர்ந்த, கோட்டுப் பருமன் சீரான எழுத்துரு ஒன்று. இன்று சுவரொட்டியைச் சுவரில் பார்ப்பவரைவிட வாட்ஸ்அப்பில் பார்ப்பவர் அதிகம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். படம் சுருங்கி, அனுப்பி அனுப்பித் தேய்ந்து, உள்ளங்கை அளவுத் திரைக்கு வரும்போது மயிரிழைக் கோடுகள்தாம் முதலில் மறையும். தமிழில் மறைவது கோடாக இருக்காது, கொம்போ காலோ சுழியோ ஆக இருக்கும்.

கடைசி மறுப்பு உங்களுடையதாகவே இருக்கும்: நாங்கள் தொண்டூழியர்கள், வடிவமைப்பாளர்கள் அல்லர், இதற்கெல்லாம் நேரமும் பணமும் எங்கே? நியாயம். ஆனால் நான் கேட்பவற்றில் பணம் பிடிக்கும் வேலை ஒன்றும் இல்லை. எழுத்துருவைத் தேர்ந்ததும் நான்கு இணைகளை அதில் தட்டிப் பாருங்கள்: மனம் மணம், கொடி கோடி, எடு ஏடு, படி பாடி. அஞ்சல் அட்டை அளவில் அச்சிட்டு, சுவரொட்டியைப் பார்க்காத ஒருவரிடம், முடிந்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம், வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் எழுத்துருவை மாற்றுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, பொங்கலுக்கோ தீபாவளிக்கோ, தலைப்புச் சொல்லை மட்டும் கையால் எழுதித் தரச் சொல்லி வட்டாரத்தில் உள்ள ஒருவரைக் கேளுங்கள். ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி நம் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே வடிவமைப்பு படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சி. நோட்டீஸ் பலகையருகே நின்று பேசும் பெரியவர்களிலும் முத்துமுத்தாக எழுதுகிறவர்கள் இருப்பார்கள். எழுதியதைப் படமெடுத்துக் கோட்டுருவாக (வெக்டர் வரைவாக) மாற்றி வைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டும் பயன்படும்.

அச்சகத்துக்கு அனுப்பும்போது தமிழ் வரிகளை எழுத்துருவாக விடாமல் கோட்டுருவாக மாற்றி அனுப்புங்கள். அச்சுக்கு முந்தைய படியைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்துக் கையொப்பமிட்டால்தான் அச்சு என்பதைச் செயற்குழுக் கூட்டத்திலேயே பதிவுசெய்துவிடுங்கள். அவர் கையொப்பமிடும் ஒப்புதல் படிவத்தில் தாளின் அளவுக்கும் எண்ணிக்கைக்கும் கட்டங்கள் இருக்கும். தமிழ் எழுத்துருவின் பெயருக்கும் ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உட்லண்ட்ஸ் குடியிருப்பாளர் ஒருவர்